பாலை அறையின் அடைத்த கதவு

பூங்காவின் கண்ணாடிக் கட்டடத்தில் நான்கு அறைகள். மழைக்காடு, பாலைவனம், குளிர்நாட்டுப் புல்வெளி, சதுப்பு நிலம். உலகத்தையே நான்காக வெட்டிக் கூரை போட்டாயிற்று என்பார் வாசலில் சீட்டுக் கிழிப்பவர். பாலைவன அறையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அங்கே முள்ளு என்று பெயர். கள்ளிகளோடு பழகியதால் வந்த பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் வாயால் வந்தது என்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

மழைக்காட்டு அறை அவளுடைய கொழுந்தனின் பொறுப்பு. இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு. அவன் பக்கம் காலையும் மாலையும் குழாய்கள் புகைபோல நீர் தூவும். ஈரம் மிஞ்சினால் இலைகளில் பூஞ்சை பிடிக்கும் என்று கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்துவிடுவான். ஈரம் அப்படியே முள்ளுவின் பக்கம் வந்துவிடும். கள்ளிக்குக் குளிர்காலம் உறங்கும் காலம். தண்ணீரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகி எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பாள். குச்சி சில்லென்றிருந்தால் அன்று கொழுந்தனுக்கு நேரம் சரியில்லை.

"தம்பி, உங்க காட்ட உங்க பக்கமே வச்சுக்கங்க."

"காத்து எந்தப் பக்கம் போகணும்னு நான் சொல்ல முடியுமா அண்ணி?"

"கல்லு தானா நடந்து வந்து கதவுல உக்காந்துச்சா?"

"உங்க சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கியிருக்கும்."

அண்ணி என்ற மரியாதையை மட்டும் அவன் ஒருநாளும் குறைத்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரியும்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவன் மேலாளரிடம் போய், பாலை அறையில் கூட்டமே நிற்பதில்லை, அதை எடுத்துவிட்டு மழைக்காட்டுக்கு ஓர் அருவி கட்டலாம் என்று சொல்லிவிட்டான். மேலாளர் அம்மா முள்ளுவைக் கூப்பிட்டார். "கோடை ஆரம்பத்துல வந்து பாப்பேன். செடியெல்லாம் நல்லா இருந்தா அறை இருக்கும். இல்லன்னா அருவிதான்."

அன்றே முள்ளு கதவு நிலை முழுவதும் கெட்டி பிளாஸ்டிக் தாளை இழுத்து, ஓரமெல்லாம் மரச்சட்டம் அடித்தாள். வீட்டில் கணவன் முனகினான்.

"அவன் என் தம்பிடி."

"அதனாலதான் கதவோட நிறுத்தினேன்."

குச்சி காய்ந்து வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கொழுந்தன் பூஞ்சை பிடித்த இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பது அவளுக்குப் பழக்கமாயிற்று.

குளிர் குறையத் தொடங்கியபோது கள்ளிகளின் முள் இடுக்குகளில் பஞ்சுபோல் வெள்ளை தெரிந்தது. மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சிச் சாகடிப்பது. ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துத் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடி வந்தது. முன்பும் இந்தப் பூச்சி எட்டிப் பார்த்ததுண்டு, பெருகியதில்லை. தன் கைப்பக்குவம் என்றே அவள் நம்பியிருந்தாள்.

ஒருநாள் கதவருகே போனவள், தாளின் அந்தப் பக்கம் சின்னச் சின்ன வண்டுகள் ஊர்வதைக் கண்டாள். ஆரஞ்சுத் தலை, கறுத்த முதுகு. மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில்தான் அது நன்றாகப் பெருகும். இத்தனை ஆண்டுகளும் கொழுந்தனின் ஈரத்தோடு அதுவும் உள்ளே வந்து அவள் செடிகளைச் சுத்தம் செய்திருக்கிறது. அவள் ஈரத்தை மட்டும்தான் பார்த்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மழைக்காட்டுக்குள் போனாள்.

"தம்பி, கொஞ்சம் வண்டு வேணும்."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "காட்ட என் பக்கமே வச்சுக்கச் சொன்னீங்களே அண்ணி. வண்டும் காடுதான்."

"கேட்டுட்டேன்ல?"

"கேட்டீங்க. நான் குடுக்கல. அருவிக்கு அளவெடுத்தாச்சு."

"குடுப்பீங்கன்னு வரல. கேக்காம எடுத்துட்டாங்கன்னு நாளைக்கு உங்க அண்ணன்கிட்ட போய் நிப்பீங்க, அதுக்குத்தான் வந்தேன்."

வண்டுக்கு வழிவிட்டால் ஈரத்துக்கும் வழிவிட வேண்டும். தொட்டிச் செடிகளையெல்லாம் எதிர்ச்சுவருக்கு இழுத்தாள். கதவோரம் தரையில் வேரூன்றிய இரண்டு உயரக் கள்ளிகளை நகர்த்த முடியாது. அவற்றை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துத் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தாள்.

வண்டுகள் வந்தன. ஈரமும் வந்தது. பூஞ்சைக்குப் பயந்து கொழுந்தன் கதவை மூடவில்லை, வண்டுக்காக முள்ளுவும் மூடவில்லை; இந்த முறை அது இரவும் பகலும் திறந்தே கிடந்தது. கோடை பிறந்து மேலாளர் அம்மா வந்தபோது வெள்ளை ஒட்டிய செடி ஒன்றும் இல்லை. கதவோரக் கள்ளிகள் மட்டும் அடி அழுகிச் சாய்ந்து கிடந்தன.

"பாருங்க மேடம், ரெண்டு விழுந்துடுச்சு," என்றான் பின்னாலேயே வந்த கொழுந்தன்.

"மத்ததெல்லாம் நிக்குதே," என்றார் அவர். "அறை இருக்கட்டும்."

அவர் போனதும் முள்ளு சாக்கைச் சுற்றி, அழுகிய கள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் மழைக்காட்டு வாசலில் போட்டாள்.

"உங்க ஈரம் தின்ன மிச்சம் தம்பி. நீங்களே அள்ளுங்க."

"உங்க செடி அண்ணி. நான் ஏன் தொடணும்?"

அவன் அள்ளவில்லை. அவளும் அள்ளவில்லை. கடைசியில் சீட்டுக் கிழிப்பவர் அந்தக் குவியலைச் சுற்றித் தடுப்புக் கயிறு கட்டினார். பார்க்க வந்தவர்கள் அதுவும் ஒரு காட்சி என்று நினைத்துச் சற்று நின்றுவிட்டுப் போனார்கள்.