குளிச்சுட்டு வான்னு அனுப்பினேன்

அறுபதுகள்ல, எங்க கட்சி ஆம்பூர்ல முதல் தடவையா ஜெயிச்ச சமயம் அது. நானும் என் தோஸ்தும் தோல் பதனிடுற ஒரே ஷாப்ல வேலை பாத்தோம். நான் கோடவுன்ல, அவன் தோலை ஊறப்போடுற சுண்ணாம்புக் குழியில. சுண்ணாம்பு அரிச்சு அரிச்சு அவன் விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கும்.

ஆனா குரல் இருக்கே, அப்பப்பா! சாயங்காலமானா எங்க கட்சிப் படிப்பகத்துல அவன்தான் பேப்பரை உரக்கப் படிப்பான். படிக்கத் தெரியாத ஆளுங்க, வாசல்ல பீடி சுத்துற பொம்பளைங்க, எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு கேப்பாங்க. விரல் எரியுறதால அவனுக்குத் தாளைப் புரட்ட வராது, நான் புரட்டுவேன். நான் செய்யுற கட்சி வேலையே அது ஒண்ணுதான்னு கிண்டல் பண்ணுவான்.

எலெக்‌ஷன் வந்ததும் வேலை முடிஞ்ச கையோட தெருத்தெருவா சுத்தினான். "உனக்கு இதுல இன்னாப்பா கிடைக்கும்?"னு ஒரு வீட்ல கேட்டாங்க. "உன்னையும் என்னையும் சமமா உக்கார வெச்சா போதும்"னான்.

ஜெயிச்சோம். ஜெயிச்சவர் நன்றி சொல்ல வர்றார்னு படிப்பக வாசல்ல மேடை போட்டோம். அவருக்கு மாலை போடுறது என் தோஸ்துதான்னு எல்லாருமா முடிவு பண்ணியிருந்தோம். நான் கிளைச் செயலாளர். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, எனக்குத் தலைகால் புரியல. ஷாப்ல அன்னைக்குன்னு பாத்து அவனை லேட்டா விட்டிருக்காங்க. கார் வர்ற நேரத்துல குழியிலேர்ந்து நேரா ஓடி வந்தான். தோல் வாடை குப்புனு அடிச்சுது.

"இன்னாடா இது, இப்படியேவா மேடை ஏறுவே? வர்றவர் இன்னா நினைப்பார்? போய் குளிச்சுட்டு வா"ன்னேன். அதுவும் நாலு பேர் முன்னாடி. அதே ஷாப் சோறு தின்னவன்தானே நானும்! என் மேல மட்டும் மல்லிப்பூவா மணந்துது?

குளிக்கப் பாலாத்துப் பக்கம் போய்ட்டான். மாலையை நானே போட்டேன். வந்தவர் என் தோளைத் தட்டி, "இந்தப் பக்கம் ஓட்டு நமக்குக் கொட்டியிருக்கே, யாருய்யா வேலை செஞ்சது?"ன்னு மைக்லயே கேட்டார். நான் கையைக் கூப்பிக்கிட்டுச் சிரிச்சேன். ஜனம் கைதட்டுச்சு. அப்பதான் பாத்தேன், கூட்டத்துக்குப் பின்னால ஈரத்தலையோட அவன் நின்னுட்டு இருந்தான்.

மறுநாள் ஷாப்ல, "டேய், நேத்து..."ன்னு இழுத்தேன். "மாலை போட்டது எடுப்பா இருந்துச்சுங்க"ன்னான். அதுவரைக்கும் என்னை வாடா போடான்னு கூப்பிட்டவன்! மன்னிச்சுக்கடான்னு கேக்க எனக்கு வாய் வரல. பாழாப்போன கௌரவம்.

அதுக்கப்புறம் அவன் படிப்பகத்துப் பக்கமே வரல. நான் பேப்பரை எடுத்துப் படிச்சுப் பாத்தேன், ஒவ்வொருத்தரா எழுந்து போய்ட்டாங்க. அடுத்த எலெக்‌ஷன்ல அவன் ஓட்டு கேட்டுச் சுத்தின தெருவெல்லாம் எங்க கையை விட்டுப் போச்சு. அவன் வேற ஷாப்புக்கு மாறி, அப்புறம் ஊரையே விட்டுப் போய்ட்டான்.

கட்சி திரும்ப ஜெயிச்சுது, எனக்கும் மாலை விழுந்துச்சு. அவன் மேல இருந்த வாடை ஆத்துல ஒரு முழுக்கு போட்டதும் போய்டுச்சு. அன்னைக்கு என் மேல ஒட்டினது மட்டும் இந்த வயசுலயும் போகமாட்டேங்குது.