புகை தொடாத அண்ணன்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறார். நோய் வருவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம் என்றுதான் நினைத்திருந்தோம். அப்போதே நெஞ்சுக்குள் இருந்திருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதிலிருந்து அந்தப் படத்தை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் ஆலந்தலையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சங்கு குளிக்கும் படகில் ஏறினார். அம்மாவையும் என்னையும் கரையேற்றியவர் அவர்தான். தன்னோடு சங்குக்கு முங்கும் ஒருவரைப் பார்த்து எனக்குக் கட்டியும் வைத்தார்.

பீடி, சிகரெட் அவருக்கு ஆகவே ஆகாது. மூச்சை வைத்துப் பிழைக்கிறவன் அதைக் கெடுக்கலாமா என்பார். நடுக்கடலில் யாராவது பற்றவைத்தால், "ஏலே, ஒண்ணு பீடி எறங்கணும், இல்ல நான் எறங்கணும்" என்று எழுந்து நிற்பாராம்.

முங்குகிறவர்களுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவது எங்கள் வீடுகளில் புதிதில்லை. அதனால் அண்ணன் இருமி ரத்தம் துப்பியபோது யாரும் பதறவில்லை. மதினி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மல்லுக்கு நின்றார். "முங்குதவனுக்கு ரத்தம் வராம பன்னீரா வரும்? சும்மா கெட, ஏளா" என்று அண்ணன் மழுப்பிவிட்டார். கன்னம் ஒட்டிப்போன பிறகுதான் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். காசநோய் இல்லை என்று வந்தது. அன்று சாயங்காலம் மக்ரூன் வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். நாங்களும் சந்தோஷமாகத் தின்றோம். மாடிப்படி ஏற முடியாமல் போனபோது ஸ்கேன் எடுத்தோம். நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள்.

"எங்க அண்ணன் பீடியத் தொட்டதே இல்லையே" என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.

"குடிக்கிறவங்களுக்குத்தான் அதிகமா வருதும்மா. ஆனா தொடாதவங்களுக்கும் வருது. பொம்பளைங்களுக்கும் வருது, சின்ன வயசுலயும் வருது" என்றார் அவர். விறகுப் புகை, தூசி, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலுக்கடியில் கம்ப்ரசர் குழாய் வழியாக வரும் காற்றைத்தான் சுவாசிப்பார்கள், பக்கத்திலேயே எஞ்சின் புகைந்துகொண்டிருக்கும் என்றேன். ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் பயந்திருப்பேன். இப்போது எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலரும், "பீடி குடிப்பாகளோ?" என்று என் காதோடு கேட்டார்கள். ஆமாம் என்றிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

கடைசி நாட்களில் அண்ணனால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். ஒருநாள் என் கணவரைக் கிட்டக் கூப்பிட்டு, "மாப்ள, நீயும் நெஞ்ச ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரு" என்றார். சரி என்று தலையாட்டியவர், அடக்கம் முடிந்ததும் பழையபடி அதே படகுக்கே போனார். போன வாரம் அவருடைய துண்டில் ரத்தக்கறை இருந்தது. "மூக்குல வந்திருக்கும்" என்றார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

அண்ணனைப் பிள்ளையைப்போல் தூக்கிச் சுமந்த படகுக்காரர்களுக்கும், மதினியைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முங்கப் போகிறவர்களின் வீட்டுப் பெண்களே, ரத்தத்தைப் பார்த்தால் அவர்களைச் சிரித்து மழுப்ப விடாதீர்கள்.

என் கணவர் நேற்று ஸ்கேன் எடுத்துவிட்டார். இதை எழுதும் இந்த நேரம் வரை முடிவு வரவில்லை. அண்ணனின் ஆண்டு நினைவுப் பூசையன்று இந்த மலரை உங்கள் கையில் கொடுக்கும்போது எனக்குத் தெரிந்திருக்கும். அண்ணனுக்காகச் செபிக்கும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அன்புத் தங்கை