ஹெலிகாப்டருக்கு ஐந்து நிமிடம்

அந்த வருடம் என் கணவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது பெட்டியில் எனக்கென்று ஒரு சேலையும் ஒரு செண்ட் குப்பியும் இருந்தன. மீதி இடம் முழுவதும் ஒரு ஹெலிகாப்டருக்கு. அதைப் பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கை நீளம் இருக்கும், பேட்டரியில் ஓடும். தரையில் நின்று ரிமோட்டை இயக்கினால் நிஜ ஹெலிகாப்டர் மாதிரியே ஏறும், அந்தரத்தில் நிற்கும். அதன் நீளமான விசிறிகள் உடைந்துவிடாமல் இருக்க என் சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். சேலை எனக்கா விசிறிக்கா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் அங்கே ஏ.சி. மெக்கானிக். நான் இங்கே நெய்யூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இடைப்பட்ட லீவுகளைக் கூட்டிப் பார்த்தாலும் சேர்ந்து இருந்தது ஒரு வருடம் தேறாது. லீவில் வந்த ஆளும் முழுசாகப் பெண்டாட்டிக்குக் கிடைப்பதில்லை. முதல் வாரம் சொந்தக்காரர்கள். பிறகு கல்யாண வீடு, புதுவீட்டு ஜெபம், சாயங்காலமானால் மகனுக்கு விசா கேட்டு வருகிறவர்கள். எங்களுக்கென்று மிஞ்சியது விடியற்காலை ஒன்றுதான். வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும், காற்றில் ஹெலிகாப்டர் நிற்காது என்று சொல்லி அந்த விடியற்காலையையும் அது எடுத்துக்கொண்டது. நான் கண் விழிக்கும்போது பக்கத்தில் வெறும் தலையணை கிடக்கும். சக்களத்தி வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அதன் மேல் தூசி பட்டால் பனியனால் துடைப்பார். திருகுகள் கழன்றிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி என்பது அவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மாமியார்கூட என் பக்கம்தான்.

"ஏட்டி, நீ பள்ளிக்கூடம் போற வழியில அத ஆத்துல போட்டுட்டுப் போ. கேட்டா நான்னு சொல்லு" என்பார்.

ஒருநாள் காலையில் ஹெலிகாப்டர் மேலே நிற்கும்போதே பேட்டரி தீர்ந்து, அவர் பறக்கவிடும் மைதானத்தை ஒட்டிய மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் விழுந்தது. விசிறி இரண்டும் போச்சு. அவர் துக்க வீட்டிலிருந்து வருவதுபோல வந்தார். "ஐயோ, எப்படி விழுந்தது?" என்று வாய் கேட்டது. உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

விழுந்ததற்குக் காரணம் டைமர். பேட்டரி தீரப்போகிறது என்று சொல்ல ரிமோட்டிலேயே ஒரு டைமர் உண்டு. அவர் அதை ரிமோட்டை ஆன் செய்தவுடனேயே ஓடும்படி வைத்திருந்தார். இவர் ஆன் செய்ததும் யாராவது ஒருவர் வந்து, "மக்கா, எனக்க மவனுக்கு அங்க வல்லதும் வேல உண்டுமா?" என்று தொடங்குவார். லீவில் வந்தவன் முகத்தைத் திருப்பினால் ஊரே பேசும். அதனால் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கடவுச்சீட்டு இருக்கிறதா, பையன் என்ன படித்திருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு நிற்பார். ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் டைமர் பீப் பீப் என்று அலறிவிடும். இது பொய் சொல்லுகிறது என்று அவர் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார். கடைசியில் பேட்டரி நிஜமாகவே தீர்ந்துபோனது.

புது விசிறி மாட்டிய அன்று சாயங்காலம் ரிமோட்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என் மடியில் போட்டார்.

"நீ டீச்சர்தானே. இந்த டைமர எப்படி வைக்கணும்னு வாசிச்சுச் சொல்லு."

சக்களத்திக்கு நானே சடை பின்னிவிட வேண்டுமாம். ஆனாலும் அவர் என் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார். நான் ஒரு வரி வாசிக்க, அவர் ஒரு பொத்தானை அமுக்க, தப்பாகப் போக, திரும்ப முதலிலிருந்து வந்தோம். விசா கேட்டு வந்தவரிடம் மாமியார், "ரெண்டு பேரும் படிக்கியாவ, நாளைக்கி வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த லீவிலேயே நல்ல சாயங்காலம் அதுதான்.

வழி இருந்தது. ரிமோட்டின் இடது பக்கக் குச்சியை உயர்த்தினால்தான் ஹெலிகாப்டர் ஏறும். அந்தக் குச்சி கால்வாசிக்கு மேலே போனால் மட்டும் டைமர் ஓட வேண்டும் என்று வைத்துவிட்டால், கீழே நின்று எவ்வளவு விசா பேசினாலும் நேரம் அசையாது. வைத்தோம்.

"எத்தன நிமிஷம் வைக்கணும்?" என்றார்.

ஏழு நிமிடம் தாராளமாகப் பறக்கும் என்பது கணக்குப் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சு."

"அவ்வளவுதானா?"

"பேட்டரிய ஒட்ட வடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. மிச்சம் வச்சு எறக்கணும்."

அப்படிப் போட்டிருந்தது உண்மை. எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் நான் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது மூன்று பேட்டரி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ஒரு சாயா குடிக்கப் போதும். அந்தச் சக்களத்தியிடமிருந்து நான் பிடுங்கிய ஆறு நிமிடம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவர் சீக்கிரம் திரும்பினார். நான் தேங்காய் திருவ, அவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாயா குடித்தார். ஒருநாள் புட்டுக்குழாயில் மாவு போட்டுக்கொடுத்தார். ஒருநாள், "சனிக்கிழமை மண்டைக்காட்டுக் கடலுக்குப் போவமா?" என்று அவராகவே கேட்டார். போனோம். சுண்டல் வாங்கிக்கொடுத்தார். எல்லாம் நான் வைத்த டைமரின் புண்ணியம் என்று எனக்குத் தலைக்கனம் ஏறியது.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் நானும் மைதானத்துக்குப் போனேன். ஹெலிகாப்டர் தென்னை உயரத்தில் அசையாமல் நின்றது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அப்போது பீப் வந்தது.

"இப்பதானே மேல போச்சு, இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் விசா கேட்க வந்த ஒருவர்.

"டைம் ஆயிட்டு" என்று சொல்லி என் கணவர் உடனே இறக்கிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்க்கிற மனிதர், அதன் ஒரு பீப்புக்கு இப்படிக் கீழ்ப்படிகிறாரே என்று வழியெல்லாம் அவரோடு பேசவில்லை.

லீவு முடிந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்து வாசலில் நின்றது. ஹெலிகாப்டரை அட்டைப் பெட்டியில் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றினார். ரிமோட்டை என் கையில் தந்தார்.

"பேட்டரியக் கழத்தி வச்சிரு. டைமர மட்டும் மாத்தாத. அஞ்சே கெடக்கட்டு."

"நான் ஏன் மாத்தணும்?"

"இல்ல, ஏழு போவும். அதான் சொன்னேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. சார்ஜர் காட்டும்லா, எவ்வளவு ஏறிச்சின்னு. எப்பவும் மிச்சம் நெறைய கெடக்கும்."

"பெறவு ஏன் மாத்தல?"

அவர் பயணப் பெட்டியின் பூட்டைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"நீ வச்சதுல்லா" என்றார்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மாமியார் ஜெபம் பண்ணக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது. ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இத மொதல்லயே சொன்னா என்ன? மூணு வச்சிருப்பேனே" என்றேன்.