தையற்காரரின் ரேஷன் அட்டை

காலை பத்தே கால். சிதம்பரம் ரேஷன் அலுவலக வரிசையில் முதலில் என் கண்ணில் பட்டவர், கழுத்தில் அளவு டேப்போடு நின்ற ஒரு தையற்காரர். யுத்த கால அரிசி நிலவரம் பற்றிப் பத்திரிகைக்கு எழுத நான் போயிருந்தேன். எதிரே நிற்பவரின் தோளைக் கண்ணாலேயே அளப்பது அவர் வழக்கம், என்னையும் அளந்தார். ஒரு பக்கம் அவர் மனைவி. மறுபக்கம், கடலூரிலிருந்து வந்து பத்து வருடமாக அவர்கள் வீட்டிலேயே இருக்கும் ஓர் ஆண்.

முன்னால் நின்றவர் தன் இரண்டு மனைவிகளின் பெயரைச் சொன்னார். குமாஸ்தா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். தையற்காரரிடம் வந்ததும் பேனா நின்றது.

“இவரு உனக்கு என்ன வேணும்?”

“சம்சாரத்து மேல எவ்ளோ ஆசையோ, இவரு மேலயும் அவ்ளோ ஆசை சார்.”

“ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான்யா ஆசை இருக்கும். நீ எந்தப் பக்கம்?”

“ரெண்டும் நான்தான்.”

“மச்சான்னு போட்டுக்கறேன். உறவு இல்லாதவருக்கு அரிசி கெடையாது.”

கடலூர்க்காரர் அவசரமாகத் தலையாட்டினார். தையற்காரர் மறுத்தார். “இவ கூடப் பொறந்தவருன்னு பொய் சொல்லமாட்டேன்.”

மனைவி முன்னால் வந்தார். “ரெண்டு பேரு அரிசிய மூணு பேருக்கு எப்புடிப் பொங்கறது சார்? உறவான்னுதானே கேக்குது ஒங்க ஃபாரம்? உறவுதான். எழுதுங்க.”

குமாஸ்தா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு உறவு என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதி முத்திரை குத்தினார்.