முந்நூற்றுப் பதின்மூன்றாவது திங்கள்

அரசுத் தரவு மையத்தில் அவளை எல்லாரும் ஜெனரேட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நிலப் பதிவு, பிறப்புச் சான்று, ஓய்வூதியம் என்று சனங்களின் காகிதமெல்லாம் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் இருந்தது. கரண்ட் போனால் அதையெல்லாம் தாங்கிப் பிடிக்க வேண்டியது பின்பக்கம் நிற்கிற ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவள் அவள். ஐடிஐ படித்தவள். அவள் வீட்டில் அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவர்கள்கூடக் கிடையாது. அதனால் ஐடிஐ எல்லாம் ஒரு படிப்பா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சுருக்கென்று வரும்.

திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். லோடு ஏற்றாமல், அதாவது கட்டடத்துக்குக் கரண்ட் கொடுக்காமல், வெறுமனே. அது உறுமி முடித்ததும் பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஆறு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு திங்கள், ஒன்றுகூடத் தவறியதில்லை.

மூன்றாம் வருடமே அவளுக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. புகைக்குழாயின் வாயில் தார் மாதிரி ஏதோ கசிந்து வழிந்தது. பஸ் ஓட்டுகிற கணவனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தான்.

"டிப்போவுல வெறும் வண்டிய உறுமவிட்டுட்டு, மேடு ஏறும்னு எழுதிக் குடுக்குற. அறுபது பேரை ஏத்திட்டு மேட்டுல விட்டுப் பாரு, அப்பத் தெரியும். சும்மாவே ஓடுற இன்ஜின் கரி பிடிச்சுப் போயிடும்டி."

"டி போடாத. அது எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா மேல எழுது. என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்ற?"

எழுதினாள். 'மெயின் கரண்டை அணைத்து, முழு லோடு ஏற்றிச் சோதிக்க அனுமதி வேண்டும்.' மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் இயக்குநர் சிவப்பு மையில் இரண்டே சொல் கிறுக்கித் திருப்பினார்: 'விதியில் இல்லை.'

அந்த விதியை எழுதத்தான் அன்றைக்கு, ஒரு திங்கட்கிழமை, குழு வந்திருந்தது. அரசின் பன்னிரண்டு தரவு மையங்களுக்கும் ஒரே தரம். குழுவுக்குத் தலைவர் ஒரு அம்மா. அதிகம் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் பற்றிய பக்கம் வந்ததும் இயக்குநர் பெருமையாக நிமிர்ந்தார். எங்கள் பதிவேட்டைப் போல ஒழுங்கானது வேறெங்கும் இல்லை, அதன் ஒரு பக்கத்தையே எல்லாருக்கும் மாதிரியாக அச்சிடலாம் என்றார். கையெழுத்துக்காக அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இந்தக் கோட்டுமேல ஒரு கையெழுத்து. போட்டுட்டு நீங்க போகலாம்." இயக்குநர் மாதிரிப் பக்கத்தை நீட்டினார்.

அவள் தாளை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள்.

"இதுல போட மாட்டேன் சார்."

இயக்குநர் தாளை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

"ஆறு வருஷமா போட்ட கைதானே?"

"அதனாலதான் சார். இதுவரைக்கும் கெட்டது ஒண்ணு. இதை மாதிரின்னு அச்சடிச்சா பன்னிரண்டும் கெடும்."

"ஐடிஐ படிச்சிட்டு இன்ஜினியர்களுக்குப் பாடம் எடுக்குறீங்களா?"

"ஐடிஐ படிச்சதாலதான் சார் குழாய்க்குள்ள கைவிட்டுப் பாத்தேன்." வரும்முன் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி எடுத்தாள். வெள்ளைத் தாளில் கருகருவென்று கறை.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

தலைவர் அம்மா பேனாவை மூடினார். "இப்ப மெயினை அணைச்சா என்ன ஆகும்?"

"ஐயோ மேடம், சேவையெல்லாம் நின்னுடும்!" என்றார் இயக்குநர்.

"நிக்காது மேடம்," என்றாள் அவள். "மேல இருக்கிற பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும். அதை முந்தாநாள்தான் சோதிச்சுப் பாத்தேன். ஜெனரேட்டர் கதை அதுக்குள்ள தெரிஞ்சிடும்."

எல்லாரும் பின்பக்கம் போய் நின்றார்கள். அவள் மெயினை இறக்கினாள். பன்னிரண்டாவது விநாடியில் ஜெனரேட்டர் லோடை ஏற்றுக்கொண்டது. இயக்குநர் முகத்தில் சிரிப்பு. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாள். நான்காவது நிமிடம் கரும்புகை கக்கியது. இருமியது. நின்றது.

அவள் மெயினை ஏற்றிவிட்டு வந்தாள். பேட்டரி தாங்கியதால் மாடியில் கம்ப்யூட்டர் பெட்டிகளின் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை.

"இத்தனை நாள் 'சரி'ன்னு எழுதினது யாரு?" இயக்குநர் குரல் எகிறியது.

அந்தக் கேள்வி குத்தியது. அந்தச் 'சரி'க்குப் பக்கத்தில் 'லோடு இல்லாமல்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நான்தான் சார். ஓடுதான்னு கேட்டீங்க, ஓடுச்சு. தாங்குமான்னு நீங்க கேக்கல. நான் மூணு தடவை கேட்டேன்."

அங்கேயே, எண்ணெய்ப் பீப்பாய்மேல் தாளை வைத்து எழுதினாள்: 'முழு லோடில் சோதித்தது. நான்காவது நிமிடம் நின்றது. தேறவில்லை.' கீழே கையெழுத்து. தலைவர் அம்மா அதை வாங்கிப் படித்து, மடிக்காமல் கோப்பில் வைத்தார்.

"மாதிரிக்கு இது போதும்," என்றார்.

வரைவில் அந்த விதி ஏறியது: லோடு ஏற்றாத சோதனை சோதனையே ஆகாது. அதே வாரம் அவளுக்கு இயக்குநரிடமிருந்து மெமோ வந்தது. பழுதான இயந்திரத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு முறை 'சரி' என்று கையெழுத்திட்டது ஏன், மூன்று நாளில் விளக்கம் வேண்டும்.

"வேலை போச்சுன்னா?" என்றான் கணவன்.

"உங்க டிப்போவுல கரி பிடிச்ச வண்டி இல்லாமலா போயிடும்? பாத்துக்கலாம்."

திரும்பி வந்த மூன்று கடிதங்களையும் சிவப்பு மையோடு நகல் எடுத்துச் சேர்த்தாள். விளக்கம் இரண்டே வரி எழுதினாள்:

'முந்நூற்றுப் பன்னிரண்டும் என் கையெழுத்துதான். முந்நூற்றுப் பதின்மூன்றாவதும் என் கையெழுத்துதான்.'