சாச்சா பின்னிய நாலாவது இதழ்

என் வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஆணி, கம்பி, குழாய் விற்கும் கடை இருந்தது. அவர் எதையும் மெதுவாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினால் வீடு அதிரும். அப்படிப்பட்டவருக்குத் தெற்கே காலி நகரத்துக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வாய்த்த சாச்சி, நூலில் பூப்பின்னுகிறவர்.

வைக்கோல் அடைத்த கெட்டித் தலையணை, அதன்மேல் மாதிரிக் கடதாசி, கடதாசி நெடுகிலும் பித்தளைக் குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றி வரும் நூல்களின் நுனியில் பீரலு எனப்படும் சின்ன மரக்கட்டைகள் தொங்கும். அவற்றை இரண்டிரண்டாக மாற்று, முறுக்கு, ஊசி குத்து. மதரஸா விட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து எனக்கு அது மனப்பாடம். தொட மட்டும் அனுமதியில்லை. மயிரளவு பிசகினாலும் சாச்சி, மணிக்கணக்காகச் செய்ததைப் பிரித்துவிடுவார்.

அந்த முறை அவர் பின்னியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஐந்திதழ்ப் பூ. அடுத்த வாரம் காலியில் கல்யாணம் நடக்கவிருந்த தன் தங்கச்சியின் முக்காட்டுக்கு. நாலாவது இதழ் பாதியில் நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் இருந்த உறவுக்காரி ஒருத்திக்குத் துணையாக இரண்டு நாள் போகவேண்டி வந்தது. போகும்போது சாச்சாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “தலையணைய மட்டும் தொட வாணாம்.”

அன்று மாலையே மழை. ஜன்னலால் சாரல் அடிக்க, சாச்சா நல்லெண்ணத்தோடு ஓடிப்போய்த் தலையணையைச் சீமெந்து மூட்டை மாதிரித் தூக்கினார். ஊசிகள் தெறித்தன. பீரலுகள் ஒன்றோடொன்று சிக்கி, பாதி இதழ் அவிழ்ந்துபோனது. அலுமாரிக்கு அடியில் படுத்துத் தேடியும் மூன்று ஊசிகள்தான் கிடைத்தன.

“மகள், ஒனக்குத் தெரியும்தானே? சொல்லித் தா.”

எட்டு வயதில் எனக்கு அவ்வளவு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. உடனே டீச்சராகிவிட்டேன். ஊசிக்குப் பதில் கடையிலிருந்து பொடி ஆணிகள் வந்தன. அறுந்த நூலைச் சாச்சா, குழாய்க்கட்டுக்குப் போடுகிற முடிச்சால் முடிந்தார். கசங்கிய இடத்தை ஈரத்துணியால் நீவினார். “இது மனிசன் செய்ற வேலயா” என்று முனகினாரே தவிர எழும்பவில்லை. இரண்டு நாளும் கடை பாதி நேரம் பூட்டியே கிடந்தது. கடைசியில் இதழ் முடிந்தது. மற்ற மூன்றும் பூவிதழ் மாதிரி இருந்தன, இது காதுமடல் மாதிரி இருந்தது. எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை.

சாச்சி வந்தார், பார்த்தார், ஓர் ஆணியைப் பிடுங்கினார். அடியில் பழுப்பு வட்டம். ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது, இரும்பு விற்றே சாப்பிட்ட மனிதருக்கு நினைவு வரவில்லை.

“இது ஒங்கட கட ஆணிதானே?”

சாச்சா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“மழ பெஞ்சிச்சி,” என்றார் சாச்சா.

“எவ்வளவு நேரம் இருந்து செஞ்சீங்க?”

“ரெண்டு நாள்.”

சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த இதழைப் பிரிக்கப்போகிறார் என்று இருவரும் பயந்துகொண்டு நின்றோம். அவரோ ஐந்தாவது இதழையும் பின்னி முடித்து, பூவை எடுத்து வைத்துவிட்டு, தங்கச்சிக்காகப் புதிதாக இன்னொன்று தொடங்கினார். காலிக்குப் போக வேன் வந்து ஹோர்ன் அடிக்கும்வரை பின்னினார்.

கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முக்காட்டில் பிசகே இல்லாத பூ. எங்கள் பூ, துருவும் முடிச்சுமாக, சாச்சியின் முக்காட்டில். அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி நெற்றிக்கு மேலேயே குத்தியிருந்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு, பழுதானதைத் தான் போட்டுக்கொள்கிறாரே, பாவம், எங்களால்தானே இந்த நிலை என்று சங்கடப்பட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம், அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் இருந்த சாச்சா சும்மா சும்மா பின்னால் திரும்பி அந்த முக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளப்போகிறது என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.