கீழ் வீட்டு ரிசீவர்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இரண்டாயிரமாவது வருஷம், பெங்களூர் ஒக்கலிபுரத்தில், நான் முழு நினைவோடு இருக்கும்போது எனக்கே நடந்தது இது.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் சேஷகிரி சார் ரிட்டையரான அரசாங்க அதிகாரி. கீழ் வீட்டைப் பூட்டிக்கொண்டு மைசூரில் மகனோடு இருந்தார். அவருடைய ஃபோன் லைனிலிருந்தே மாடிக்கு ஒரு வயர் இழுத்து எங்களுக்கு பேரலல் கனெக்‌ஷன் கொடுத்திருந்தார். ஒரே நம்பர், இரண்டு வீடு. அந்த லைனில்தான் என் ஓட்டைக் கம்ப்யூட்டர் இன்டர்நெட் பிடிக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ரக்ஷிதாவுக்கு ஒன்றரை வயசு. அவளை யாரிடம் விட்டுவிட்டு நான் வெளியே போவது? மாதிரிக்கு அடித்த ஃபைல்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஒரு வாரமாகவே அந்தச் சனியன் பிடித்த லைன் நிற்கவில்லை. மோடம் கீ... கர்ர்... என்று கத்திவிட்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிஷம் ஓடும். டொக். கட். வயரை மாற்றினேன். மோடம் வேகத்தைக் குறைத்தேன். விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டேன். ஒன்றும் வேலைக்காகவில்லை. சனிக்கிழமை லைன்மேன் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டேன். கம்பத்திலிருந்து பார்த்துவிட்டு, லைன் சுத்தம் என்றார்.

"கீழ யாரோ ரிசீவர் எடுக்கறாங்கம்மா. பேரலல்ல எடுத்தா இன்டர்நெட் கட் ஆகத்தான் ஆகும்."

கீழ் வீடு பூட்டியிருக்கிறது என்றேன். அவர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் நாகேஷ் பொம்மனஹள்ளி ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். வெளியே மழை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தே காலுக்கு உட்கார்ந்தேன். ஃபைல் பாதி போனது. டொக். மறுபடி போட்டேன். பாதி... டொக்.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் ஃபோனை எடுத்துக் கத்தினேன்.

"யாருங்க அது? வெச்சுத் தொலைங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

மறுமுனையில் ஒரு மூச்சு. சளி கட்டிய மூச்சு... இழுத்து இழுத்து.

"லைனை விடும்மா... டாக்டருக்குப் பண்ணணும்... மூச்சு விட முடியலை..."

பெண் குரல். வயசான குரல்.

கதவைச் சாத்திவிட்டுக் கீழே ஓடினேன். பூட்டு தொங்கியது. துரு ஏறிய பூட்டு. ஜன்னல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபோன் ஸ்டாண்டு இருந்தது. அதன் மேல் ஃபோன் இல்லை. வயர் மட்டும் சுவரில் தொங்கியது, நுனியில் கறுப்பு டேப் சுற்றி.

திரும்ப மேலே வந்தேன். வேறு லைன் குறுக்கே கலந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நாற்பது. மறுபடி டயல் செய்தேன்.

டொக்.

ரிசீவரைக் காதில் வைத்தேன். இப்போது அழுகை.

"விடும்மா... கொஞ்சம் விடும்மா..."

நான் என்ன செய்வேன்? ஒரு பக்கம் கைக்கு வந்த வேலை. இன்னொரு பக்கம் ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்கிறது. உயிர்தானா அது? எனக்கும் அழுகை வந்துவிட்டது. மோடம் வயரைப் பிடுங்கினேன்.

டிங்.

எங்கள் ஃபோனின் மணி. தானாக.

டிங்... டிங்... டிங்...

பேரலல் லைனில் ஒரு வீட்டில் நம்பர் சுற்றினால் அடுத்த வீட்டு மணி இப்படித்தான் லேசாக அடிக்கும்.

யாரோ டயல் செய்கிறார்கள்.

மெதுவாக... விட்டு விட்டு...

பிறகு நின்றது.

குழந்தையை அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஆறு மணி தாண்டியது. வேலை போனது.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேஷகிரி சாரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"என் சம்சாரம் ருக்மிணி போய் ரெண்டு வருஷமாறதும்மா. அன்னிக்கு நான் ஊர்ல இல்லை. மாடியில இருந்த பையன் இன்டர்நெட்டே கதின்னு இருந்தான். அவ லைன் கிடைக்காம கையில ரிசீவரோட கிடந்தா. அந்த ஃபோனை நான்தான் கழட்டிப் போட்டேன்."

அன்றே வேறு வீடு தேட ஆரம்பித்தோம். அந்த வியாழக்கிழமை ரக்ஷிதாவுக்குக் காய்ச்சல். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த டோரீன் புதுசாகச் சேர்ந்த பெண். என் ஃபோன் நம்பரைக் கேட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இந்த நம்பரும் அட்ரஸும் சொல்லித்தானே ஒரு வயசான அம்மா பேசினாங்க? எவ்வளவு நேரமா ட்ரை பண்றேன், இப்பத்தான் லைன் கிடைச்சுதுன்னாங்க. எங்க வார்டு பாய் கிருஷ்ணப்பாவை ஆட்டோல அனுப்பினேன்."

வீடு பூட்டியிருந்திருக்குமே என்று கேட்டேன்.

"இல்லியே. கீழ் வீட்டுக் கதவை அந்த அம்மாவேதான் திறந்தாங்களாம். 'இனிமே வேண்டாம்ப்பா, லேட்டாயிடுத்து'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அது மைசூரில் இருந்தது.